மலையகத்திற் பொதுவெளியும் பொதுப்பணமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் உழைப்பைக் கொண்டு அளப்பது பெருவழக்கு. மலையக மக்களைப் பொறுத்தவரையில் இவ்வழக்கு இன்னும் அழுத்தமாகவே கையாளப்பட்டு வந்துள்ளது. எத்தனை இறாத்தல் கொழுந்து, எத்தனை நாட் சம்பளம், எத்தனை அடி அகலமான காம்பரா என்பனவே அவர்களைப் பற்றிய ஆவணங்களில் நிறைந்து காணப்படுகின்றன. வேலை முடிந்த பின் அவர்கள் எங்கே கூடினர், எங்கே ஆடினர், எங்கே வாசித்தனர், அதற்குரிய இடத்தை யார் கொடுத்தனர், யார் கொடுக்க மறுத்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. பூங்கா, விளையாட்டு மைதானம், நூலகம், கலை மண்டபம் ஆகியவற்றுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது பற்றிய வழக்கு எந்தச் சிற்றூரிலும் எழக்கூடியதே. ஆயின் நுவரெலியா, அட்டன் பகுதிகளில் அவ்வழக்கு, ‘பொதுமக்கள்’ என்னும் சொல்லுள் யார் அடங்குவர் என்ற அடிப்படை வினாவாகவே இருந்து வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வினாவின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குகின்றது.

மலைநாட்டில் ஓய்வுக்கான இடங்கள் இல்லாதிருக்கவில்லை என்பது முதலிற் கூறத்தக்கது. நுவரெலியா நகரமே ஓய்வுக்கென எழுந்த நகரமாகும். தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் அங்குத் தமக்கென மாளிகை அமைத்த காலந்தொட்டு, வெப்பமிகு தாழ்நிலத்திலிருந்து தப்பிவந்த ஆங்கிலேயரின் உறைவிடமாக அது வளர்ந்தது. தேசாதிபதி வில்லியம் கிரகரியின் பெயரால் 1873 ஆம் ஆண்டில் ஏரி அமைந்தது. 1876 இல் ‘ஹில் கிளப்’ தோன்றியது. 1889 இல் கோல்ப் கழகம் எழுந்தது. குதிரைப் பந்தயத் திடலும் அக்காலத்திலேயே உருவாயிற்று. விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1897 இல் விக்டோரியா பூங்கா அப்பெயரைப் பெற்றது. அட்டனையடுத்த தரவளையிலும், தலவாக்கலையை அடுத்த ரதல்லையிலும் துரைமாரின் கழகங்கள் பசும்புற்றரை மைதானங்களுடன் அமைந்தன. ஒரு தோட்டத்துக்கும் மறுதோட்டத்துக்குமிடையில் மட்டமான நிலம் கிடைப்பது அரிதான மலைச்சரிவிலே, கிடைத்த சமநிலம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்குமாகப் பங்கிடப்பட்டது எனலாம்.

இவ்விடத்தில் ஆங்கிலேயரின் தாயகத்தையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். கைத்தொழிற் புரட்சியினால் நெரிசலுற்ற நகரங்களிலே தொழிலாளர் உலாவுவதற்குத் திறந்த நிலம் தேவை என்பதை ஆராய 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு குழுவை நியமித்தது. 1847 இல் லிவர்பூல் நகருக்கு எதிரே பேர்க்கன்ஹெட் என்னும் ஊரில், பொதுப்பணத்தால் நிலம் வாங்கி அமைக்கப்பட்ட பூங்கா அனைவருக்குந் திறந்துவிடப்பட்டது. 1850 இன் பொது நூலகச் சட்டம், நகரசபைகள் நூலகத்துக்கென வரி அறவிட இடமளித்தது. அச்சட்டங்களுக்கும் எதிர்ப்பு இருந்தது. வரி செலுத்துவோர் பணத்தில் வரி செலுத்தாதோர் வாசிப்பதா எனச் சிலர் வினவினர். எனினும் அந்நாட்டிற் பொதுவெளி என்ற கருத்து வென்றது. அதே பத்தாண்டுகளிலேதான் இலங்கையின் மத்திய மலைகளிற் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மன்னார் வழியாக நடந்துவந்தனர். ஆட்சி ஒன்று, ஆயின் தாயகத்தின் தொழிலாளிக்கு உரித்தான கொள்கை, கோப்பித் தோட்டத்துத் தொழிலாளியை அணுகவில்லை.

தோட்டம் என்பது வெறும் பயிர்நிலமன்று. அது தனக்கெனச் சட்டமும் எல்லையும் கொண்ட தனியுலகமாக இயங்கியது. லயன் வீடும் மருத்துவமும் பள்ளிக்கூடமும் தோட்ட முதலாளியின் பொறுப்பாயின. இவற்றுட் சில சட்டத்தால் வற்புறுத்தப்பட்டன; 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு வழிவகுத்தது. உழைப்பதற்கு வேண்டிய உடல்நலமும், ஓரளவு எழுத்தறிவும் இவ்வாறு கணக்கில் எடுக்கப்பட்டன. கூடுவதற்கும் ஆடுவதற்கும் வேண்டிய இடம் கணக்கில் எடுக்கப்படவில்லை. தோட்டத்துட் கூடுதல் துரையின் அனுமதிக்கு உட்பட்டது. அயலார் உட்புகுவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசையர், தொடக்க காலத்திற் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் சென்றார் எனக் கூறப்படுவதும் இதனை உணர்த்தும். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டையே பிரசாரக் கருவியாகக் கொண்டமைக்கு, மேடையும் மண்டபமும் இல்லாத சூழலும் ஒரு காரணமாகலாம்.

இடம் கொடுக்கப்படாத மக்கள் தமக்குக் கிடைத்த இடங்களைத் தமதாக்கிக் கொண்டனர். காலையில் பேர் பதியும் பெரட்டுக்களமும், கொழுந்து நிறுக்கும் மடுவமும், கோயில் முன்றிலும், லயத்து வாசலுமே அவர்களது சபைகளாயின. மாசி மாதத்திற் காமன் ஊன்றிப் பௌர்ணமியையொட்டி எரியூட்டும் காமன் கூத்துக்கென ஒதுக்கப்பட்ட திறந்த நிலம் ‘காமன் பொட்டல்’ எனப் பெயர்பெற்றது. பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் இவ்வாறே திறந்த வெளியில் தப்பொலியுடன் ஆடப்பட்டன. அருச்சுனன் தபசில் உயரமான கம்பத்தில் ஏறித் தவமியற்றும் நடிகனுக்கு வானமே மண்டபக் கூரை. மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தளித்த சி. வி. வேலுப்பிள்ளை (1914 – 1984) சேகரித்த செல்வமும் இத்தகைய வெளிகளில் வளர்ந்ததேயாகும். எனவே மலையகத்திற் கலை இல்லாமையால் மண்டபம் எழவில்லை என்று யாரும் கூறுதல் இயலாது. கலை இருந்தது, அது நின்ற நிலம் மட்டும் பிறருடையதாயிருந்தது. தேயிலை மீள்நடுகைக்கோ கட்டடத்துக்கோ தோட்ட நிருவாகம் அந்நிலத்தை எடுத்துக்கொண்டால், முறையிடுவதற்குரிய மன்றம் எதுவும் இருக்கவில்லை.

அத்தகைய மன்றமாக அமைந்திருக்க வேண்டியது உள்ளூராட்சி நிறுவனமாகும். கிராம வீதி, சந்தை, வாசிகசாலை, மைதானம் ஆகியவற்றைப் பேணுதற்கெனக் கிராமச் சங்கங்கள் இயங்கின. தோட்டங்கள் பெரும்பாலும் அவற்றின் பணிவட்டத்துக்குப் புறம்பாகவே நின்றன. 1937 இல் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்த அரசாங்க சபை முற்பட்டபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அச்சங்கங்களில் வாக்குரிமை வழங்கப்படலாகாது என்ற நிலைப்பாடு மேலோங்கிற்று. இந்திய அரசாங்கம் இதனை ஆட்சேபித்தது. இனப்பாகுபாடு வெளிப்படையாகத் தோன்றலாகாது என்பதற்காக, இனத்தைச் சுட்டாது, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் அனைவரையும் விலக்கும் வகையிற் சட்டம் மாற்றியமைக்கப்பட்டது. சொல் மாறியது, பயன் மாறவில்லை. இரண்டாண்டுகளின் பின் 1939 இல் ஜவஹர்லால் நேருவின் வருகையும் இலங்கை இந்தியக் காங்கிரசின் தோற்றமும் நிகழ்ந்தமையை இப்பின்னணியிலும் நோக்குதல் வேண்டும்.

சுதந்திரத்தின் பின் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவ்விலக்கலை முழுமையாக்கியது. 1947 இற் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள், 1952 இற் பெரும்பாலும் வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றப்பட்டிருந்தனர். 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் எனக் கூறுபோட்டது. அந்த எஞ்சியோரும் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்று அறியாத ஒருவர், தம் ஊருக்கு வாசிகசாலை வேண்டுமென வாதிடுவது எங்ஙனம்? நாடற்ற நிலை, உரிமையைப் போலவே கோரிக்கையையும் பறித்தது. 1977 இற் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றமை இந்நீண்ட மௌனத்தின் முறிவாயிற்று. 2003 ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

வாக்குரிமை திரும்பியும் வாசல் திறக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமப்புற உள்ளூராட்சியைப் புதுப்பித்தது. அதன் 33 ஆம் பிரிவுக்குக் கொள்ளப்பட்ட பொருளின்படி, தோட்ட எல்லைக்குட் சபையின் பணத்தைச் செலவிடுதல் தடையாயிற்று. தோட்டத்து மக்கள் வாக்களித்தனர், தம்மவரை உறுப்பினராக்கினர், தவிசாளராகவும் ஆக்கினர். ஆயின் லயத்திற் பிறந்த தவிசாளர் ஒருவர், தாம் பிறந்த லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடவோ அங்கு ஒரு மைதானம் அமைக்கவோ தம் சபை நிதியிற் கைவைக்க இயலாதிருந்தார். 1975 இல் அரசுடைமையாகி 1992 இல் 22 பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறிய தோட்டங்கள், நில உரிமையில் அரசுக்குரியனவாயினும் நடைமுறையிற் தனியார் நிலமாகவே கொள்ளப்பட்டன. மாவட்டச் சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் பெருந்தோட்டத் துறையில் வாழும் நுவரெலியாவில், இஃது எத்துணை முரண்பாடு என்பது விளக்கவேண்டியதன்று.

இத்தடைக்குச் சார்பாக வழங்கப்பட்ட வாதங்கள் மூன்று. தோட்ட மக்கள் சபைக்கு வரி செலுத்துவதில்லை என்பது முதலாவது. நிலையான பயிர்ச்செய்கைக்குட்பட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரத்தை அதே சட்டம் சபைகளுக்கு அளித்துள்ளது. அன்றியும் சபைகளின் செலவிற் பெரும்பகுதியைத் தாங்குவது அரசின் நிதியுதவியாகும். அந்நிதி தேயிலை ஏற்றுமதியாலும் வளர்ந்ததே. தோட்ட நலன் கம்பனிகளின் பொறுப்பு என்பது இரண்டாவது. கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் வீடு, பிள்ளை மடுவம், சுகாதாரம் ஆகியவற்றில் ஈடுபட்டு வந்துள்ளமை உண்மையே. ஆயின் வேலைகொள்வோன் தரும் வசதி சலுகையாகும். வேலையை விட்டவனும், அட்டனிலோ கொழும்பிலோ கடையில் வேலைசெய்து லயத்துக்குத் திரும்புபவனும் அச்சலுகைக்கு உரியவரல்லர். இன்று தோட்டத்தில் வதிவோரிற் பலர் தோட்டத் தொழிலாளரல்லாதார் ஆதலின் இவ்வாதம் வலுவிழக்கின்றது.

மூன்றாவது வாதம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒழுகும் கூரையும் சேற்றுப் பாதையும் இருக்கும்போது பூங்காவும் மண்டபமும் வேண்டுமா என்பர். பசித்தவனுக்கு முதலிற் சோறு என்னும் இக்கூற்றில் நியாயம் உண்டு. எனினும் இக்கூற்று எப்போதும் ஏழைகளை நோக்கியே கூறப்படுகின்றது. நுவரெலியாவின் பூங்காவும் ஏரிக்கரையும் ஏப்ரல் மாத வசந்த காலத்தில் உல்லாசப் பயணிகளுக்காக அழகுபடுத்தப்படும்போது, நகரின் எல்லாக் கூரைகளும் செப்பனிடப்பட்டனவா என்று எவரும் வினவுவதில்லை. மேலும், மாலையிற் செல்ல வாசிகசாலையோ மைதானமோ இல்லாத இளைஞனுக்குத் திறந்திருக்கும் இடம் மதுபானக் கடையாகும். ஓய்வுக்கான இடம் ஆடம்பரமன்று. படிப்பும் உடல்நலமும் கூட்டுணர்வும் அதனைச் சார்ந்தே வளர்கின்றன.

2018 ஆம் ஆண்டில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. அம்பகமுவை, நுவரெலியாப் பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகிய புதிய சபைகள் அவ்வாண்டு பெப்ரவரித் தேர்தலுடன் இயங்கலாயின. பிரதேச சபைகள் சட்டமும் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்பாளருக்குப் பணியாற்ற வழி திறந்தது. எண்பதாண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி இவ்வாறு வீழ்ந்தது. ஆயினும் நிலம் கம்பனிகளின் குத்தகையில் நீடித்தது. புதிய சபைகளின் வருவாயோ சிறிது. அவற்றின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றபின், 2025 மே மாதத் தேர்தல் வரை இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட சபைகளே இருக்கவில்லை. திறந்த வழியில் நடந்த தூரம் சிறிதாயிருந்தமைக்கு இவை காரணங்களாம்.

இக்காலப்பகுதியில் மலையகத்திற் கலை நிலையங்கள் அடியோடு எழவில்லை என்றும் கூறுவதற்கில்லை. றம்பொடையில் தொண்டமான் பெயராற் கலாசார நிலையம் எழுந்தது. நோர்வூட் மைதானம் 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் உரையாற்றிய பெருந்திடலாயிற்று. கம்பளையை அண்டிய பழைய லயன் ஒன்றிலே தொழிலாளர் வாழ்வைக் காட்டும் நூதனசாலையைத் தொண்டு நிறுவனம் ஒன்று அமைத்தது. இவை பாராட்டத்தக்கவை. எனினும் இவை அமைச்சின் நிதியாலோ, சங்கத்தின் முயற்சியாலோ, தொண்டர் உழைப்பாலோ அமைந்தவை. அமைச்சர் மாறினால் நிதி மாறும். அயலிலுள்ள சிறுவனின் அன்றாட மாலைக்கு அவை தொலைவிலும் உள்ளன. வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் இடம்பெற்று, மக்கள் கேள்வி கேட்கக்கூடிய சபையின் பொறுப்பில் நிற்கும் சிறு வாசிகசாலை, ஒருமுறை திறப்புவிழாக் காணும் பெருமண்டபத்தினும் நிலைபேறுடையது.

ஆகவே இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், மலையகத்திற் பொதுவெளிக்கான பணம் பற்றிய விவாதம் எக்காலத்தும் வெறும் பணத்தைப் பற்றியதாக இருக்கவில்லை என்பதே. 1937 இல் வாக்குரிமையாகவும், 1948 இற் குடியுரிமையாகவும், 1987 இற் சட்டப்பிரிவின் பொருள்கோளாகவும் அது உருமாறியது. ஒவ்வொரு முறையும் ‘தோட்டம் ஊரன்று’ என்ற ஒரே எண்ணம் அதன் அடியில் நின்றது. இனிச் செய்யவேண்டியனவும் இதிலிருந்தே பெறப்படும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் காமன் பொட்டலும் மைதானமும் எல்லைகுறித்து அளக்கப்பட்டுச் சபையின் பெயரிற் பதியப்படல் வேண்டும். ஏக்கர் வரி ஒழுங்காக அறவிடப்பட்டு, அதன் ஒரு பங்கு அவ்வப் பிரிவிலேயே செலவிடப்படல் வேண்டும். 2023 இல் ‘மலையகம் 200’ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர், முன்னோர் வந்த பாதையை நாட்டுக்கு நினைவூட்டினர். வந்து சேர்ந்த இடத்தில், துரையின் அனுமதியோ கம்பனியின் தயவோ வேண்டாது, மாலை வேளையிற் கூடியிருக்க ஒரு பிடி சமநிலம் கிடைக்கும்போதே தோட்டம் ஊராகும்.