சட்டத்தில் இல்லாத பிரதமர்

தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் ஸ்ரீபிரகாசா மேல்சபைக்கு நியமித்து, 1952இல் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்த கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த நாற்காலிக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் அங்கே போக முடியாது. அது சட்டம் கொடுத்த கனம் அல்ல என்பதே என் கட்சி. 1935ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்: மந்திரிசபை உண்டு, மந்திரிகள் உண்டு, அவர்களுக்குள் தலைவர் என்று ஒருவர் கிடையாது. பிரதம மந்திரி என்பது ஊர் வைத்த பெயர். 50ஆவது பிரிவின்படி, விரும்பினால் கவர்னரே வந்து மந்திரிசபைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கலாம். ஒரு விஷயம் மந்திரிகளைக் கேட்காமல் தாமே முடிவெடுக்கக்கூடியதா என்ற சந்தேகம் வந்தால், அதைத் தீர்ப்பவரும் அவரேதான். 58ஆவது பிரிவு இன்னும் ருசியானது. பலாத்காரத்தால் சர்க்காரைக் கவிழ்க்கப் பார்ப்பவர்களைப் பற்றிப் போலீஸுக்குத் துப்புக் கொடுத்தவர் யார் என்பதை, கவர்னர் உத்தரவில்லாமல் மந்திரிக்குக்கூடச் சொல்லக்கூடாது. மந்திரியாக வரப்போகிறவர்கள் நேற்றுவரை ஜெயிலில் இருந்தவர்கள் என்பதை எழுதியவர்கள் மறக்கவில்லை.

சென்னைச் சட்டசபையில் 215 இடங்களில் 159ஐப் பிடித்த காங்கிரஸ், இந்த அதிகாரங்களைக் குறுக்கே நீட்டமாட்டேன் என்று கவர்னர் வாக்குக் கொடுத்தாலொழியப் பதவி வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டது. 1937 ஏப்ரல் 1 அன்று எர்ஸ்கின் பிரபு கூர்மா வேங்கடரெட்டி நாயுடுவைக் கூப்பிட்டார். பாவம், நாயுடு! முந்தின வருஷம்தான் சில மாதம் தற்காலிகக் கவர்னராகவே இருந்தவர். இப்போது சட்டசபையைக் கூட்டினால் கவிழ்ந்துவிடும் மந்திரிசபைக்குத் தலைவர். சட்டப்படி அவரிடம் குறை ஒன்றுமில்லை. ராஜாஜிக்குப் பிறகு கிடைத்த அதே பதவி, அதே பிரிவுகள். இல்லாதது ஆள்பலம் ஒன்றுதான். ஜூனில் வைசிராய் லின்லித்கோ இறங்கிவந்து ஓர் அறிக்கை விட்டார். ஜூலை 14 அன்று ராஜாஜி பதவியேற்றார். இடையில் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ராஜாஜி கவர்னருக்கு இசைவாக நடந்துகொண்டார், அதனால்தான் அவர் கேட்டதற்குக் கவர்னர் கையெழுத்து விழுந்தது என்பார் உண்டு. கொஞ்சம் உண்மைதான். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது, உதவிய கோயில் அதிகாரிகள்மேல் வழக்குப் பாயாமலிருக்க அவசரச் சட்டம் பிறப்பித்தவர் எர்ஸ்கின். ஆனால் இசைவே இல்லாத ஒரிசாவைப் பாருங்கள். 1938இல் கவர்னர் ஹப்பக் லீவில் போக இருந்தார். அவர் இடத்தில் உட்காரவிருந்த டெயின், மந்திரிகளின் கீழ் வேலை பார்த்த ரெவின்யூ கமிஷனர். நேற்று நமக்குப் பைல் அனுப்பியவர் நாளை நம் தலைமேலா என்று பிசுவநாத தாஸ் மந்திரிசபை ராஜினாமாவுக்குத் தயாரானது. கவர்னர் லீவையே ரத்து செய்தார். தற்காலிகக் கவர்னர் யார் என்று கேட்க ஒரு மாகாணப் பிரதமருக்குச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இடமில்லை!

இந்த எழுதப்படாத பலம் நல்லதற்கு மட்டும் பயன்பட்டது என்று நான் சொல்லவில்லை. 1938இல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமானது சட்டசபை இயற்றிய சட்டத்தால் அல்ல, வெறும் சர்க்கார் உத்தரவால். எதிர்த்து மறியல் செய்தவர்கள்மேல், காங்கிரஸ்காரர்களை உள்ளே தள்ள வெள்ளைக்காரன் பயன்படுத்திய அதே கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தை ராஜாஜி ஏவினார். அவர் புத்திசாலித்தனத்தை மெச்சுகிறவன்தான் நான்; இதற்கு மட்டும் சமாதானம் சொல்ல வராது. அந்த மறியலில் சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் கைதிகளாகவே இறந்தார்கள். சிறுபான்மையினரைக் காக்கும் தனிப்பொறுப்பு, அமைதி காக்கும் தனிப்பொறுப்பு என்று 52ஆவது பிரிவு கவர்னர் கையில் ஆயுதங்களை அடுக்கி வைத்திருந்தும், அந்த உத்தரவை அவர் தொடவில்லை.

1939இல், மாகாண ஆட்சியைக் கவர்னரே எடுத்துக்கொள்ள வழிசெய்த 93ஆவது பிரிவு வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டதே என்றால், அது எப்போது வந்தது? யுத்தத்தில் இந்தியாவைக் கேளாமல் இழுத்துவிட்டதற்காக அக்டோபர் கடைசியில் ராஜாஜி தாமாக விலகிய பிறகு. கவர்னர் காலி நாற்காலியைத்தான் எடுத்துக்கொண்டார். 1940 பிப்ரவரி 21 அன்று அதே எர்ஸ்கின் அரசு கட்டாய இந்தியை ரத்து செய்தது. ஸ்ரீபிரகாசா அடுத்த வாரம்.