உருகிக் காக்கும் சிறு உலோகம்



தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் முறுக்கு, நெய் உருண்டையோடு கேக்கும் பிஸ்கட்டும் தயாராகும். அந்த நேரம் பார்த்துத்தான் ஓவன் மக்கர் பண்ணும். சுவிட்சைத் தட்டினால் சூடே ஏறாது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், பல ஓவன்களில் விரல் நுனி அளவுக்கு ஓர் உலோக உருளை இருக்கும். அதுதான் வெப்ப பியூஸ். "இது போயிடுச்சுங்க. ஒரு துண்டு ஒயரை வச்சு நேரா இணைச்சிட்டா வேலை முடிஞ்சது" என்று சொல்ல யாராவது ஒருவர் வந்துவிடுவார். அந்தப் பேச்சைக் கேட்கலாமா? கேட்பதற்கு முன், இந்தச் சிறு உருளையின் சரித்திரத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

கதை மின்சாரத்துக்கு முன்பே, நீராவிக் காலத்தில் தொடங்குகிறது. 1803-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் கிரீனிச் என்ற இடத்தில், ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர் அமைத்த நீராவி இயந்திரம் ஒன்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க வேண்டிய சிறுவன், வேறொரு தொழிலாளியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். இயந்திரம் மிக வேகமாக ஓடுவதைக் கண்ட தொழிலாளி அதை நிறுத்தினார். ஆனால் நீராவி நெம்புகோலை ஒரு ஸ்பேனர் அசையவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. உள்ளே அடைபட்ட நீராவி சிறிது நேரத்தில் கொதிகலனைப் பிளந்தது. மூவர் அங்கேயே மாண்டனர். இன்னொருவர் பிறகு இறந்தார்.

இதற்குப் பின் டிரெவிதிக் ஒரு புதுக் காவலைக் கொண்டுவந்தார். கொதிகலனில் ஒரு துளையிட்டு, அதை ஈயத்தால் அடைத்தார். தண்ணீர் மூடியிருக்கும் வரை ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் வற்றினால் சூடு ஏறும். 327 டிகிரி செல்சியசில் ஈயம் உருகும். நீராவி அந்த வழியே சீறி வெளியேறும். பாமாயில் ஆலையில் பாய்லர் வேலை பார்த்தவர்களுக்கு, தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, மனிதன் மறந்தாலும் ஈயம் மறக்காது. அதுதான் இந்தக் காவலின் பெருமை.

அடுத்து, இன்னும் குறைந்த சூட்டில் உருகும் உலோகங்கள் வந்தன. தனியாக எடுத்தால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். பிஸ்மத் 271 டிகிரியில் உருகும். ஆனால் இவற்றை ஈயத்தோடு தக்க அளவில் கலந்தால், அந்தக் கலவை கொதிக்கும் தண்ணீரிலேயே உருகிவிடும்! 1860-இல் அமெரிக்காவின் பர்னபாஸ் உட் கேட்மியத்தையும் சேர்த்து, சுமார் 70 டிகிரியில் உருகும் கலவையைச் செய்தார். 1874-இல் ஹென்றி பார்மலி என்பவர், நியூ ஹேவன் நகரிலிருந்த தமது பியானோ தொழிற்சாலைக்கு, தீப்பிடித்தால் தானே நீர் தெளிக்கும் குழாய்களை அமைத்தார். தீயின் சூட்டில் பற்று உருகும், துவாரம் திறக்கும், தண்ணீர் கொட்டும்.

மின்சாரத்துக்கும் இதே யுக்தி கைகொடுத்தது. 1847-இல் பிரான்சின் லூயி பிரெகே, தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியைப் பயன்படுத்தும்படி கூறினார். 1882-இல் நியூயார்க்கில் மின் நிலையம் தொடங்கிய எடிசன், 1890-இல் பியூசுக்குக் காப்புரிமை பெற்றார். நாம் இன்றும் பயன்படுத்தும் சதுர மூன்று முனை பிளக்கின் அளவுமுறை 1947-இல் பிரிட்டனில் வெளியானது. அதன் வயிற்றுக்குள்ளும் ஒரு பியூஸ் உண்டு.

"அப்புறம் எதுக்குங்க ஓவனுக்குள்ள இன்னொரு பியூஸ்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 230 வோல்ட்டில் 2300 வாட் ஓவன் இழுப்பது 10 ஆம்பியர். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, ஓவன் அடங்காமல் காய்ந்தாலும் அது இழுப்பது அதே 10 ஆம்பியர்தான்! பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் பியூசுக்கு ஒன்றும் தெரியாது. அது மின்சாரத்தை அளக்கும், சூட்டை அளக்காது. சூட்டை உணர்வது வெப்ப பியூஸ் ஒன்றே. அதன் உள்ளே ஒரு சிறு வில்லை, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கும். குறித்த சூடு வந்ததும் வில்லை உருகும், ஸ்பிரிங் விடுபடும், இணைப்பு அறும். மறுபடி சேராது. சோறு வேகும் ரைஸ் குக்கரிலும் இதன் சகோதரன் இருக்கிறான்.

ஆகவே அந்த இடத்தில் ஒயரை வைப்பவர், 1803-இல் ஸ்பேனரை விட்டுவைத்த தவற்றையே திரும்பச் செய்கிறார். அன்று தெரியாமல் செய்தது; இன்று தெரிந்தே செய்வதா?

கைத்தொழில் தெரிந்தவர்கள் இதைத் தாமே மாற்றலாம். ஆனால் சில ஒழுங்குகள் உண்டு. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்; சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. ஓவன் நன்றாக ஆறட்டும். மீட்டர் வைத்துச் சோதியுங்கள். இணைப்பு காட்டாவிட்டால் பியூஸ் போய்விட்டது. பழைய பியூசின் மேல் டிகிரி, ஆம்பியர், வோல்ட் எண்கள் இருக்கும். அதே எண்கள் உள்ளதையே வாங்குங்கள். கூடுதல் டிகிரி போட்டால் "தாங்கும்" என்று எண்ணாதீர்கள். அது தாங்கும், வீடு தாங்காது. ஈயப்பற்று வைக்காதீர்கள், பற்றுக்கோலின் சூட்டிலேயே புது பியூஸ் போய்விடும். சூடு தாங்கும் இணைப்பானை வைத்து நசுக்கியே பொருத்த வேண்டும். பலவகைப் பியூஸ்களில் மேலுடம்பிலும் மின்சாரம் ஓடும். ஆகவே காப்புறையை மறக்காமல் மாட்டுங்கள். பிளக் இல்லாமல் சுவரோடு இணைத்த ஓவனை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "ஏன் போச்சு?" என்று கேளுங்கள். காற்றுத் துவாரம் அடைத்திருக்கலாம்; குளிர்விக்கும் விசிறி நின்றிருக்கலாம்; தெர்மோஸ்டாட் பழுதாகி இருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு பியூசை மட்டும் மாற்றினால், அதுவும் மறுபடி போகும்.

மாணவச் செல்வங்களே! மூடியைக் கழற்றும் வேலை பெரியவர்களுடையது. உங்கள் வேலை வேறு. வீட்டில் யாராவது ஒயர்த் துண்டை எடுத்தால், "அப்பா, வேண்டாம்பா, அதே எண் போட்ட பியூஸ் வாங்கலாம்" என்று சொல்லுங்கள். கிரீனிச்சில் மாண்ட நால்வரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில வெள்ளிக் காசில் கிடைக்கும் அந்தப் பொருள், குடும்பம் முழுவதையும் காக்கும்.