ஆற்றுக்கு ஒரு பத்தி

மெஷின் லேர்னிங் பழகிய பலருக்கும் அந்த ஃபைல் தெரிந்திருக்கும். 768 பிமா பழங்குடிப் பெண்கள்; ஒவ்வொருவருக்கும் எட்டு விவரங்கள். ஐந்து ஆண்டுக்குள் சர்க்கரை நோய் வருமா என்று கணிக்க வேண்டும். நான் முதல் மாடல் எழுதிப் பழகியதும் அதில்தான். 35 பெண்களுக்கு ரத்த அழுத்தம் பூஜ்யம் என்றிருக்கும். 374 பேருக்கு இன்சுலின் பூஜ்யம். உயிரோடு இருப்பவருக்கு ரத்த அழுத்தம் எப்படிப் பூஜ்யமாகும்? அளக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அட்டவணையில் அளக்கப்படாத இன்னொன்றும் உண்டு.

அரிசோனாவின் பிமாக்கள் தங்களை அகிமெல் ஓஓதாம், அதாவது ஆற்று மக்கள் என்கிறார்கள். கீலா ஆற்றில் கால்வாய் வெட்டி சோளமும் பருத்தியும் விளைவித்தவர்கள். கலிபோர்னியா போகும் பயணிகளுக்குக் கோதுமை விற்கும் அளவுக்கு விளைச்சல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்மடையில் குடியேறிய வெள்ளையர்கள் நீரைத் திருப்பினார்கள். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. பிறகு தட்டுக்கு வந்தது அரசு தந்த வெள்ளை மாவும் பன்றிக்கொழுப்பும்.

1940-இல் எலியட் ஜோஸ்லின் என்ற மருத்துவர் அரிசோனாவை ஆராய்ந்து, பழங்குடிகளிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட அதிகமில்லை என்று எழுதினார். 1965-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அங்கே நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. 1971 வாக்கில் வெளியான முடிவு: 35 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

உலகத்துக்கு இதில் லாபம்தான். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 மில்லிகிராமைத் தொட்டால் நோய் என்ற எல்லைக்கோடு வகுக்கப்பட்டதில் இவர்கள் ரத்தத்தின் பங்கு பெரிது. கர்ப்பகாலத்தில் தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடும் என்று காட்டியவர்களும் இவர்களே. உங்கள் அப்பாவின் லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் கோட்டுக்குக்கூட அந்தப் பாலைவனத்தோடு உறவு உண்டு.

இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? 1962-இல் ஜேம்ஸ் நீல் சொன்ன ‘சிக்கன மரபணு’ கருதுகோள் கைவசம் தயாராக இருந்தது. பஞ்சத்தில் காப்பாற்றிய மரபணு வளத்தில் கொல்கிறது என்பது கேட்க அழகான கதை. ஆனால் எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மாய்கோபா மலைப்பகுதியில், மரபில் நெருங்கிய பிமாக்கள் இன்னமும் உடலுழைப்போடு வாழ்கிறார்கள். 2006-இல் வெளியான ஒப்பீட்டில் அங்கே நோய் 6.9 சதவீதம், அரிசோனாவில் 38.

நாம் மாடலுக்குக் கொடுக்கும் அட்டவணையில் குடும்ப வரலாற்றுக்கு ஒரு பத்தி உண்டு. ஆற்றுக்குக் கிடையாது. ஆபத்தைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்கிறோம், சரி. ஆனால் பெண்ணின் உடம்புக்குள் மட்டும் தேடினால் நோயாளி கிடைப்பார். நோயின் தொடக்கம் கிடைக்காது. இங்கே முதல் அறிகுறி, யாருக்கும் ரத்தம் எடுப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, வறண்ட கால்வாயாகக் கண்ணெதிரே கிடந்தது.

2004-இல் இயற்றப்பட்ட சட்டம் கீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீரை உறுதிசெய்தது. அந்த நீரும் ஓர் எண்தான். அட்டவணையில் அதற்கும் ஒரு பத்தி போட்டிருக்கலாம்.