வானூர்தி இறக்கை: தூக்குவிசையும் கட்டுப்பாடும்

வானூர்தியைக் காற்றில் தாங்குவது அதன் இறக்கையில் தோன்றும் தூக்குவிசை ஆகும். ஆனால் பறத்தலின் வரலாற்றில் மேலே எழுவதைவிட, எழுந்தபின் கவிழாமல் இருப்பதே கடினமான சிக்கலாக இருந்தது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய வில்பர் ரைட், ஓர்வில் ரைட் சகோதரர்கள் 1899 முதல் 1902 வரை செய்த ஆய்வுகளில் இதற்குத் தீர்வு கண்டனர்.

தூக்குவிசை தோன்றும் விதம்

வளைந்த இறக்கை, முன்விளிம்பு சற்று உயர்ந்த நிலையில் முன்னேறும்போது காற்றோட்டத்தைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விசை இறக்கையை மேலே தள்ளுகிறது. அப்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைவாகவும் கீழ்ப்புறத்தில் கூடுதலாகவும் இருக்கும். மேலும் கீழுமாகப் பிரியும் காற்று ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைகிறது என்ற பரவலான விளக்கம் தவறானது. மேற்புறக் காற்றே முந்திச் செல்கிறது. இறக்கையின் சாய்கோணம் கூடினால் தூக்குவிசையும் கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் காற்றோட்டம் மேற்பரப்பை விட்டு விலகி, தூக்குவிசை சரிந்துவிடும்.

லிலியந்தாலின் மறைவு

இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1799இலேயே நிலையான இறக்கை கொண்ட வானூர்தியை வரைந்திருந்தார். ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ லிலியந்தால் 1891 முதல், எஞ்சின் இல்லாத கிளைடர்களில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். உடலை அசைத்து எடையை இடம் மாற்றுவதே அவரது கட்டுப்பாட்டு முறை. 1896 ஆகஸ்ட் 9 அன்று அவரது கிளைடர் தூக்குவிசையை இழந்து விழுந்தது; மறுநாள் அவர் இறந்தார். உடல் அசைவு மட்டும் போதாது என்பதை ரைட் சகோதரர்கள் உணர்ந்தனர்.

இறக்கை முறுக்கல்

1899இல் வில்பர், மிதிவண்டி டியூப் வந்த அட்டைப் பெட்டியை முறுக்கிப் பார்த்தபோது ஒரு வழி தோன்றியது. இறக்கையையும் அவ்வாறே முறுக்கினால் ஒரு பக்கத்தின் சாய்கோணம் கூடும், மறுபக்கத்தின் கோணம் குறையும். தூக்குவிசை வேறுபடுவதால் வானூர்தி விரும்பிய பக்கம் சாயும்.

ஆயினும் 1901இல் கட்டிய கிளைடர், கணக்கிட்ட தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கையே தந்தது. எனவே அவர்கள் 6 அடி நீள மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் அமைத்து, சுமார் 200 சிறு இறக்கை மாதிரிகளைச் சோதித்தனர். விசைகளை அளக்கும் கருவியை இரம்பத் தகடுகளாலும் மிதிவண்டி ஆரக்கம்பிகளாலும் செய்தனர். அதுவரை வழக்கிலிருந்த 0.005 என்ற காற்றழுத்தக் கெழு மிக அதிகம் என்றும், அது சுமார் 0.0033 என்றும் கண்டனர். நீண்டு குறுகிய இறக்கையே சிறந்தது என்பதும் தெரிந்தது. 1901 கிளைடரின் இறக்கை 22 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டது. 1902இல் அது 32 அடி நீளம், 5 அடி அகலம் என மாறியது.

சுக்கானின் பங்கு

புதிய கிளைடரிலும் ஒரு குறை இருந்தது. கூடுதல் தூக்குவிசை பெற்ற பக்கம் கூடுதல் காற்றுத்தடையையும் பெற்றுப் பின்தங்கியது. இதனால் வானூர்தி தவறான திசையில் திரும்பிச் சறுக்கியது. அசையாத வால் சுக்கானை அசையும்படி மாற்ற வேண்டும் என்றார் ஓர்வில். அதை இறக்கை முறுக்கும் கம்பிகளோடு இணைக்கலாம் என்றார் வில்பர். முன்புறம் இருந்த ஏற்ற இறக்கத் தட்டோடு சேர்ந்து, மூன்று அச்சுகளிலும் கட்டுப்பாடு கிடைத்தது. 1903 மார்ச்சில், எஞ்சின் பொருத்திப் பறப்பதற்கு முன்பே, அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இக்கட்டுப்பாட்டு முறைக்காகத்தான். அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று முதல் எஞ்சின் வானூர்தி 12 விநாடிகளில் 120 அடி பறந்தது; அன்றைய நான்காவது பறத்தல் 59 விநாடிகள் நீடித்தது.

பிற்கால வளர்ச்சி

இறக்கையை முறுக்குவதற்குப் பதிலாக, அதன் பின்விளிம்பில் ஏலரான் எனும் அசையும் மடல்கள் விரைவில் பரவின. இவை தங்கள் காப்புரிமைக்குள் அடங்கும் என ரைட் சகோதரர்கள் கிளென் கர்டிஸ் மீது வழக்குத் தொடர்ந்தனர். 1917இல் அமெரிக்க நிறுவனங்கள் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்ட பின்னரே அப்பிணக்கு ஓய்ந்தது. இன்றைய பயணிகள் வானூர்தியும் இரு பக்கத் தூக்குவிசையை வேறுபடுத்தியே சாய்ந்து திரும்புகிறது.