எந்த குரூப்புக்கு 'ஸ்கோப்' அதிகம்? - ஒரு குட்டி வரலாறு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே நம் வீடுகளில் புழங்க ஆரம்பித்துவிடும் ஒரு சொல் 'ஸ்கோப்'. ஆங்கிலத்தில் அதற்கு என்னென்னவோ அர்த்தம் இருக்கலாம். நம் ஊரில் ஒரே அர்த்தம்தான்: படித்து முடித்ததும் வேலை கிடைக்குமா, கிடைக்காதா? "அந்த குரூப்புக்கு எல்லாம் இப்போ ஸ்கோப் இல்லப்பா" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நான் படிப்பது பி.காம். ஒரு காலத்தில் மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று பெயர் வாங்கிய 'மூன்றாவது குரூப்'பில் இருந்து வந்தவன். அதனால் இந்த ஸ்கோப் எங்கிருந்து வந்தது, எப்படியெல்லாம் இடம் மாறியது என்று தேடிப் பார்க்க ஆசை வந்தது. பார்த்தால், அதற்கு சுமார் 180 வருட சரித்திரமே இருக்கிறது.

உத்தரவு போட்டு ஆரம்பித்த கதை

1844ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஓர் உத்தரவு போட்டார். அரசாங்க வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அதன் சாரம். படிப்புக்கும் சம்பளத்துக்கும் முடிச்சு போட்டது இந்த உத்தரவுதான் என்று சொல்லலாம். 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த சில தலைமுறைகளுக்கு 'பி.ஏ.' என்ற இரண்டெழுத்துதான் ஸ்கோப்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். சென்னையில் அரசாங்கக் கணக்கு இலாகாவில் வேலை பார்த்தார், பிறகு சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அந்தக் காலத்து ஸ்கோப் கணக்குப்படி அவர் நூற்றுக்கு நூறு. ஆனால் இன்று யாரும் அவரைக் கணக்கு அதிகாரியாக ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஓலைச்சுவடியில் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் தேடி எடுத்து அச்சில் ஏற்றியவர் என்றுதான் வைத்திருக்கிறோம். பழைய ஏட்டைப் புரட்டும் வேலைக்கு அன்றைக்கு என்ன ஸ்கோப் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அரசாங்க வேலை எல்லோருக்கும் போதவில்லை. பி.ஏ.வுக்கு மேல் பி.எல். படித்தால் வக்கீல் ஆகலாம் என்று கூட்டம் அந்தப் பக்கம் போனது. ஆரம்பத்தில் போனவர்கள் பங்களா கட்டினார்கள். பின்னால் போனவர்களுக்குக் கட்சிக்காரர் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. 1929ல் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. 1930களில் ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட்) படித்தவர்களின் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஆராய்வதற்கென்றே சர் தேஜ் பகதூர் சாப்ரூ தலைமையில் ஒரு கமிட்டி போட வேண்டிய நிலைமை வந்தது. அதாவது, 'வேலை இல்லாத பட்டதாரி' சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த பாத்திரம் இல்லை. கறுப்பு வெள்ளைப் படக் காலத்துக்கும் முந்தியவர்.

பேங்க் வேலை

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த பெரிய ஸ்கோப், என் துறைக்குப் பக்கத்தில் இருப்பது. 1969 ஜூலை 19ம் தேதி 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980ல் இன்னும் 6. 1969ல் நாடு முழுக்க சுமார் 8,000 வங்கிக் கிளைகள்தான் இருந்தன. 1990ல் அது கிட்டத்தட்ட 60,000. அத்தனை கிளைக்கும் கிளார்க், கேஷியர், மேனேஜர் வேண்டாமா? பேங்க் மாப்பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுத்த காலம் அது.

வேடிக்கை என்னவென்றால், 1966ல் காமர்ஸ் எடுத்த ஒரு மாணவருக்கு இதில் எதுவுமே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்குப் பேங்க் வேலை வாங்கிக் கொடுத்தது அவருடைய தீர்க்கதரிசனம் இல்லை, டெல்லியில் எடுக்கப்பட்ட ஓர் அரசியல் முடிவு.

ஆனால் கிளைகள் பெருகிய அதே வருடங்களில் கல்லூரிகளும் பெருகின. டிகிரியை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் லோயர், ஹையர், ஷார்ட்ஹேண்ட் என்று வரிசையாகப் பாஸ் செய்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருந்தவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருப்பார்கள். 1980ல் வந்த 'வறுமையின் நிறம் சிகப்பு' படத்தின் நாயகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

1990களில் வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது, புதிய ஆள் எடுப்பது சுருங்கியது. 2000-01ல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். அதே 2000ம் வருடம்தான் சென்னையில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஒரு ஸ்கோப் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதும் இன்னொரு ஸ்கோப் குடி வந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

தக்காளியும் டிகிரியும்

இந்த இடத்தில் கொஞ்சம் எகனாமிக்ஸ். பயப்பட வேண்டாம், தக்காளிதான்.

இந்த வருடம் தக்காளி விலை ஏறிவிட்டது. உடனே எல்லா விவசாயிகளும் அடுத்த போகம் தக்காளி போடுகிறார்கள். எல்லாம் ஒன்றாக அறுவடைக்கு வருகிறது, விலை சரிகிறது, ரோட்டில் கொட்டுகிறார்கள். நொந்துபோய் அடுத்த முறை யாரும் போடுவதில்லை. விலை மறுபடி ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைப் படமாக வரைந்தால் சிலந்தி வலை மாதிரி இருப்பதால் 1934ல் நிக்கலஸ் கால்டோர் இதற்கு அந்தப் பெயரையே வைத்தார்.

ரிச்சர்ட் ஃப்ரீமேன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970களில் இதையே படிப்புக்குப் பொருத்திப் பார்த்தார். 1957ல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டதும் அமெரிக்கா பதறிப்போய் அறிவியல், என்ஜினியரிங் படிப்புகளுக்குப் பணத்தைக் கொட்டியது. மாணவர்கள் குவிந்தார்கள். 1969ல் நிலாவில் கால் வைத்தாயிற்று. அதை ஒட்டிய வருடங்களில் விண்வெளிச் செலவும் குறைக்கப்பட்டது. விமானங்களுக்கும் ஆர்டர் இல்லை. சுமார் ஒரு லட்சம் பேர் வேலை பார்த்த போயிங் கம்பெனியில் 1971ல் நாற்பதாயிரத்துக்கும் குறைவானவர்களே மிஞ்சினார்கள். ஸ்கோப்பைப் பார்த்துச் சேர்ந்த பையன்கள் அப்போதுதான் டிகிரியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

தக்காளிக்கு மூன்று நான்கு மாதம். டிகிரிக்கு? 1978ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்ததிலிருந்து நாம் குரூப்பைத் தேர்ந்தெடுப்பது பதினைந்து பதினாறு வயதில். பிளஸ் டூ இரண்டு வருடம், என்ஜினியரிங் நான்கு வருடம். ஆக இன்றைய விலையைப் பார்த்து விதைத்தால் அறுவடை ஆறு வருடம் கழித்து. தக்காளி போட்டவர் அடுத்த போகம் கத்தரிக்காய்க்கு மாறிவிடலாம். இருபத்திரண்டு வயதில் பிராஞ்சை மாற்றிக்கொள்வது அவ்வளவு லேசில்லை.

என்ஜினியரிங் வலை

நம் ஊரில் சிலந்தி மிகப் பெரிதாகக் கட்டிய வலை என்ஜினியரிங். 1984 வரை தமிழ்நாட்டில் இருந்த என்ஜினியரிங் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வருடம் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. முதலில் அது பணம் உள்ளவர்களுக்கான கதவாகத்தான் இருந்தது. 1993ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் தனியார் கல்லூரிகளில் பாதி இடங்கள் 'ஃப்ரீ சீட்' ஆயின. 1997ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளர கவுன்சிலிங் ஆரம்பித்தது. சிபாரிசு இல்லாமல், கட்-ஆஃப் மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்துப் பையன் நல்ல கல்லூரியில் இடம் எடுக்க முடிந்தது. இது பெரிய விஷயம். இதனால் தலையெடுத்த குடும்பங்கள் எத்தனையோ.

அதே சமயம் சாஃப்ட்வேர் அலையும் வந்தது. 1997-98ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தவர்கள் ராஜாக்கள். அவர்கள் படித்து முடித்தது 2001, 2002ல். 2000 மார்ச்சில் உச்சிக்குப் போன அமெரிக்க டாட் காம் பங்குகள் சரிந்து, 2001 செப்டம்பர் 11ம் நடந்து முடிந்திருந்தது. கையில் வேலைக் கடிதம் இருந்தும் 'எப்போது வந்து சேர வேண்டும்' என்ற தேதி வராமல் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதைப் பார்த்துப் பயந்துபோய் வேறு பிராஞ்சுகளுக்குப் போனவர்கள் 2005, 2006ல் வெளியே வந்தார்கள். அப்போது கம்பெனிகள் கேம்பஸ் கேம்பஸாக வந்து, எந்த பிராஞ்ச் என்றே பார்க்காமல் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன! அதைக் கேள்விப்பட்டு 2005ல் சேர்ந்தவர்கள் 2009ல் வந்தார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவால் ஆகியிருந்தது, 2009 ஜனவரியில் சத்யம் மோசடி வெளியே வந்திருந்தது. அப்புறம் 2010களின் முன்பாதியில் கூட்டம் மெக்கானிக்கல், சிவில் பக்கம் திரும்பியது. பின்பாதியில் மறுபடி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே வந்தது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் வந்தவர்

இந்த வரலாற்றில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று. ஸ்கோப் பற்றிய செய்தி எல்லோர் வீட்டுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை.

முதலில் தெரிவது அந்தத் துறையிலேயே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு. அப்புறம் பெரிய நகரங்களுக்கு. அப்புறம் சின்ன டவுன்களுக்கு. கடைசியில், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு. 2010ல் தமிழக அரசு, கவுன்சிலிங் மூலம் தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்தது. நல்ல திட்டம். ஆனால் அந்த நேரத்தில் என்ஜினியரிங் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறை நெருங்கிக்கொண்டிருந்தது, பிறகு தாண்டியும்விட்டது. அவர்கள் உள்ளே வந்தபோது விருந்தில் பாதி இலை எடுத்தாயிற்று. கொஞ்ச வருடத்தில் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடந்தன, பல கல்லூரிகள் மூடப்பட்டன.

கல்விக் கடனும் இதில் சேரும். 2001ல் வந்த கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஜாமீன் சொத்து வேண்டியிருக்கவில்லை. அந்தத் திட்டப்படி படிப்பு முடிந்து ஒரு வருடத்தில், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதத்தில் தவணை கட்ட ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வேலை கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு வருடம் முடிந்துவிடும். பேங்குக்கு ஸ்கோப் தெரியாது, தேதி மட்டும்தான் தெரியும்.

ஆசிரியர் பயிற்சியிலும் இதே கதைதான். 2000களின் மத்தியில் பயிற்சி நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. படித்து முடித்தவர்கள் முன்னால் 2012ல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்து நின்றது. அந்த நிறுவனங்களில் பல இன்று இல்லை.

முன்னால் போனவர் தவறாகக் கணித்தால் அவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். அப்பா இன்னொரு கோர்ஸுக்குப் பணம் கட்டுவார், மாமா ஓர் இடத்தில் சொல்லி வைப்பார். கடைசியில் வந்தவருக்கு இருப்பது ஒரே போகம்.

அப்போ என்னதான் பண்றது?

ஸ்கோப்பே பார்க்காதே, பிடித்ததைப் படி என்று சொல்வது எளிது. வீட்டுக் கடனை நம்பி உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்காகப் படிப்பது கேவலமும் இல்லை.

ஆனால் "இப்போ எதுக்கு ஸ்கோப்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இன்னும் மூன்று கேட்கலாம். ஒன்று, இந்தப் படிப்புக்கு இந்த வருடம் எத்தனை புது இடங்கள் திறந்திருக்கிறார்கள்? அதுதான் நாளைய போட்டி. இரண்டு, இந்தத் தேவை ஒரே ஓர் அரசு முடிவையோ ஒரே ஒரு தொழிலையோ நம்பி நிற்கிறதா? மூன்று, அந்தத் தொழில் படுத்துவிட்டால் இந்தப் படிப்பில் இருந்து வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக என்ன மிஞ்சும்? கணக்கு, மொழி, எழுதத் தெரிவது, ஒன்றைத் தானாகக் கற்றுக்கொள்ளும் பழக்கம் போல.

2020க்குப் பிறகு ஏறக்குறைய எல்லா என்ஜினியரிங் கல்லூரியிலும் 'செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்' என்று ஒரு பிராஞ்ச் வந்துவிட்டது. எங்கள் பி.காம். வாசலிலும் கூட்டம்தான். 2017ல் ஜி.எஸ்.டி. வந்து கணக்குத் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி ஏற்படும் என்று 2011ல் காமர்ஸ் எடுத்த யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். இந்தக் கூட்டமும் ஒரு நாள் ஒன்றாக வெளியே வரும், அதில் நானும் இருப்பேன்.

அதனால் உங்கள் தம்பியோ தங்கையோ இந்த ஜூனில் குரூப் எடுக்கிறார்கள் என்றால், அந்தத் துறையில் இப்போது வேலை பார்க்கும் ஒருவரிடமும், அதே படிப்பைப் படித்துவிட்டு வேலை கிடைக்காத ஒருவரிடமும் பேச வையுங்கள். பக்கத்து வீட்டு மாமாவிடம் அதற்கு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் :-)