சரபத் கடையில் சவர்க்காரம்

சிங்கப்பூரில் நம்மவர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1826ல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலிருந்து தொடங்குவார்கள். துணி வணிகர், நாணயமாற்று வணிகர், படகோட்டிகள் என்று பட்டியல் நீளும். தேத்தண்ணி ஆற்றியவர்களுக்கு அதில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது அந்த ஒரு வரியைச் சற்று நீட்டலாமே என்று தோன்றியது. அவர்கள் தேயிலைப் பாத்திரங்களை எப்படிக் கழுவினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் 'அழுக்குக் கடை' என்ற பெயரை நம் பெரியவர்கள் பல ஆண்டுகள் சுமந்தது இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

'சரபத்' என்பது குடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த சொல். மலாயில் அது இஞ்சி சேர்த்த சூடான பானம். இஞ்சித் தேநீரும் பால் தேநீரும் விற்ற நம்மவர் கடைகளுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் அப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில்தான் என் அத்தா கூலிக்கு நின்றார்.

காலுறை போல நீண்ட துணி வடிகட்டியில் தேயிலைத் தூளைப் போட்டு, நீண்ட மூக்குள்ள குவளைக்குள் இறக்குவார். கொதிநீரை ஊற்றி, துணியைத் தூக்கி, இறங்கிய சாயத்தையே மறுபடி அதன் வழியாக ஊற்றுவார். டின் பால் கிளாசிலோ ஆற்றும் குவளையிலோதான் சேரும். வடிகட்டித் துணியில் பால் படவே கூடாது. பட்டால் கொழுப்பு இழைக்குள் இறங்கிவிடும். மறுநாள் காலை புளிப்பு வாடை அடிக்கும். அந்தத் துணியை அத்தா மேசை துடைக்கக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

கடை சாத்தும்போது சக்கையைக் கொட்டி, துணியைப் புறம் திருப்பி, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுவார். பிறகு வெந்நீரில் கொதிக்கவிட்டு, பிழிந்து, காற்றாட மாட்டுவார். புதுத் துணி வாங்கினால் முதலில் பழைய தேயிலைச் சக்கையோடு வேகவைப்பார், கஞ்சிப் பசை போவதற்கு. கிளாசுகளுக்குச் சவர்க்காரம் உண்டு. துணிக்குக் கிடையாது. மூக்குக் குவளையின் வெளிப்புறம் பளபளக்க வேண்டும்; உட்புறத்தை வெந்நீர் விட்டுக் கலக்கிக் கவிழ்த்தால் போதும்.

தொடக்கப்பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் உதவி செய்ய நினைத்து, குவளையின் உள்ளே தார் போலப் படிந்திருந்த கறையைச் சவர்க்காரமும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து வெளுக்கவைத்துவிட்டேன். துணியையும் அதே நுரையில் முக்கினேன். மறுநாள் முதல் கிளாசை வாங்கிய மலாய் டாக்சி ஓட்டுநர் ஒரு மடக்கு குடித்துவிட்டு அத்தாவைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அத்தா என்னை ஏசவில்லை. துணியை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தைக்கச் சொல்லி உம்மாவிடம் அனுப்பினார்.

இது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய வழக்கமில்லை. பக்கத்துக் கடைத் தியோச்சியூ முதியவர் ஒருவரின் சின்ன மண் தேக்குடுவை உள்ளே கருகருவென்றுதான் இருக்கும். சீனாவின் யீசிங் மண்ணில் செய்யும் குடுவைகளுக்கு மெருகுப் பூச்சு கிடையாது. மண் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அவர்களும் சவர்க்காரம் போடுவதில்லை. வெந்நீரால் மட்டும் கழுவிக் காயவைப்பார்கள். அவரும் அத்தாவும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே இதில் ஒத்துப்போனார்கள்.

அந்தக் கறை என்ன? தேயிலையின் துவர்ப்புப் பொருள் காற்றோடும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடும் சேர்ந்து படியும் மென்படலம். பால் படாமல், நன்றாகக் காயும்வரை அதனால் கெடுதல் இல்லை. வேண்டாம் என்றால் சோடா உப்போ எலுமிச்சையோ போட்டால் போய்விடும். ஆனால் குவளைக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்துப் போன வாடிக்கையாளர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அதே சமயம், அத்தாவின் கடை சுத்தமாக இருந்தது என்று முழுமனதோடு எழுத எனக்கு முடியவில்லை. குழாய் இல்லை. இரண்டு வாளித் தண்ணீர்தான். ஒன்றில் சவர்க்காரம், மற்றொன்றில் அலசல். மாலைக் கூட்டம் வந்தால் அந்த இரண்டாவது வாளியில் எத்தனை கிளாஸ் முங்கி எழுந்தது என்று யார் கணக்கு வைத்தார்? டைஃபாய்டும் காலராவும் பயமுறுத்திய காலம் அது. 1950லேயே அங்காடி வியாபாரிகளைப் பற்றி ஒரு விசாரணைக் குழு அறிக்கை தந்தது. 1968 அக்டோபரில் நாடு தழுவிய தூய்மை இயக்கம் தொடங்கியது. அதையொட்டித் தெருக்கடைகளைப் பதிவு செய்தார்கள். 1971 முதல் உணவங்காடி நிலையங்கள் எழுந்தன. 1986 வாக்கில் தெருக்கடைகள் ஏறக்குறைய எல்லாமே அவற்றுக்குள் போய்விட்டன. ஆக, எல்லாரும் சந்தேகப்பட்ட கறுத்த குவளை குற்றமற்றது. யாரும் கவனிக்காத வாளிதான் ஆபத்து. அதிகாரிகள் வாளியைத்தான் பார்த்தார்கள் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று எங்கள் வீட்டில் அவர்களைத் திட்டாத நாள் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அத்தா நின்ற கடையும் உள்ளே போனது. முதல் நாள் வீட்டுக்கு வந்தவர் வியாபாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "குழாயைத் திருகினால் தண்ணி வருது" என்றார். இரண்டு முறை சொன்னார். வாடகை வந்ததே என்ற கவலையெல்லாம் பிறகுதான். துணி அலசும் முறையை மட்டும் அங்கேயும் அவர் மாற்றவில்லை. ஓடும் தண்ணீரில் அலசினார், அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் சிங்கப்பூரின் அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபோது, எல்லாரும் தே தாரிக் இழுக்கும் கைகளையே படமெடுத்தார்கள். துணி கொதிக்கும் பாத்திரத்தைப் படமெடுக்க யார் வருவார்?

நம் சங்கத்து அடுப்படியிலும் ஒரு மூக்குக் குவளை உண்டு. பொதுக்குழுக் கூட்டங்களில் அதில்தான் தேத்தண்ணி ஊற்றுவோம். போன வருடம் இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் அடுப்படியைச் சுத்தம் செய்தபோது அதையும் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்கள். நல்ல வேளை, வடிகட்டித் துணி அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்ததால் தப்பியது.