குவாங் திரி: 81 நாட்களும் ஒரு நெடுஞ்சாலையும்

வியட்நாம் போர் என்றால் சைகோன், ஹனோய், ஹுவே என்ற பெயர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தாச் ஹான் ஆற்றங்கரையில் இருந்த குவாங் திரி என்ற சிறிய மாகாணத் தலைநகரை அறிந்தவர்கள் குறைவு. நாட்டை இரண்டாகப் பிரித்த பென் ஹாய் ஆற்றுக்குச் சற்றுத் தெற்கே, போரின் வாசற்படியிலேயே அது இருந்தது.

1972 மார்ச் 30இல் வட வியட்நாம் படைகள் பெருந்தாக்குதலைத் தொடங்கின. மே 1இல் நகரம் வீழ்ந்தது. பின்வாங்கிய தென் வியட்நாம் படையினரோடு மக்களும் முதலாம் இலக்க நெடுஞ்சாலை வழியாக ஹுவேயை நோக்கி ஓடினார்கள். அந்த நெரிசலின்மீது எறிகணைகள் விழுந்தன. வாகனங்களோடு மனிதரும் எரிந்தார்கள். படையினர் திரும்பி வரும்வரை, வாரக்கணக்காக, உடல்கள் வீதியிலேயே கிடந்தன. அவற்றைச் சேகரித்து அடக்கம் செய்யும் வேலையை சைகோனின் 'சொங் தான்' நாளேடு முன்னின்று நடத்தியது. தெற்கத்தியர் அந்த வீதியை இன்றும் 'பேரச்சப் பெருஞ்சாலை' என்றே அழைக்கிறார்கள்.

ஜூன் 28இல் மீட்புச் சமர் தொடங்கியது. நுயென் மன்னர்கள் கட்டிய பழைய கோட்டைக்காக 81 நாட்கள் சண்டை நடந்தது. இராணுவக் கணக்கில் அந்த இடிபாட்டுக்கு அவ்வளவு பெறுமதி இல்லை. ஆனால் பாரிஸில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. மேசையில் காட்டுவதற்கு இரு தரப்புக்கும் அந்தக் கோட்டை தேவைப்பட்டது. அமெரிக்காவின் பி-52 விமானங்கள் குண்டுகளைக் கொட்டின. வடக்கு, இரவிரவாக ஆற்றைக் கடந்து புதிய ஆட்களை அனுப்பியது. அவர்களில் பலர் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே படைக்கு எடுக்கப்பட்ட மாணவர்கள். செப்டெம்பர் 16இல் தென் வியட்நாம் மரைன் படையினர் கோட்டையில் கொடியேற்றியபோது, சுற்றிலும் நகரம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

1973 ஜனவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின் அதே ஆறு முன்னரங்கானது; கைதிகள் அங்கேதான் பரிமாறப்பட்டார்கள். 1975 மார்ச்சில் வட படைகள் மீண்டும் நுழைந்தன.

கோட்டை இன்று நினைவிடம். குண்டு துளைத்த போ தே பாடசாலைக் கட்டடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆற்றில் மிதக்கவிடும் விளக்குகள் வடக்கின் இளைஞர்களுக்கானவை. அந்தக் கோட்டையில் தெற்கின் படையினருக்கு நினைவுக்கல் கிடையாது. அவர்களையும் நெடுஞ்சாலையில் இறந்தவர்களையும் நினைவுகூருபவர்கள் பெரும்பாலும் கடல்கடந்து வாழும் வியட்நாமியரே.

1989இல் குவாங் திரி மீண்டும் தனி மாகாணமானது. தலைநகராகத் தெரிவானது, வடக்கே இருக்கும் டோங் ஹா.